சிப்பிக்கு எந்த நுண்பாசி, எவ்வளவு, அதன் மரபணுக்களில் என்ன தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் நீருயிர் வளர்ப்புப் படிக்கும் மாணவர்கள், புத்தளம் களப்பிலும் கங்கேவாடியிலும் சிப்பி வளர்ப்பவர்கள், புதிதாக ஹெச்சரி (சிப்பிக் குஞ்சு உற்பத்தி நிலையம்) போட நினைப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை இங்கே திரட்டியிருக்கிறோம். தொட்டிக் கேள்விகள் முதலில், ஆய்வுகூடக் கேள்விகள் பிறகு. ஆய்வுகூடப் பகுதிக்கு மட்டும் வந்தவர்களும் 8ஆம் கேள்வியை வாசித்துவிட்டுப் போங்கள். சிப்பி எத்தனை பாசிக் கலம் சாப்பிட்டது என்று தெரியாமல் எடுத்த மரபணு முடிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

1. சிப்பிக்கு நாங்கள் தீனி போட வேணுமா? களப்பில் கட்டிவிட்டால் தானா வளருது தானே?

களப்பில் தொங்கவிட்ட சிப்பிக்குத் தீனி தேவையில்லை. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குப் பல லீற்றர் தண்ணீரைச் செவுள் வழியாக இழுத்து, அதிலுள்ள நுண்பாசியைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். இறால் வளர்ப்பில் பெரிய செலவான தீனி மூட்டை இங்கே கிடையாது.

தீனி போட வேண்டியது ஹெச்சரியில்தான், அதுவும் மூன்று கட்டங்களில்: முட்டையிடத் தயார்ப்படுத்தும் தாய்ச் சிப்பி, தண்ணீரில் நீந்தும் குடம்பி, ஓட்டில் ஒட்டிக்கொண்ட சில மில்லிமீற்றர் குஞ்சு. தொட்டிக்குள் வரும் தண்ணீரை வடிகட்டித்தான் விடுகிறோம். அதனால் நாம் ஊற்றும் பாசியைத் தவிர அவற்றுக்கு வேறு சாப்பாடு இல்லை.

2. பாசி என்றால் எல்லாம் ஒன்றுதானே? இறால் குளத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன?

பாசி மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். வாய்க்குள் போக வேண்டும், குடலில் உடைய வேண்டும், உடைந்த பிறகு தேவையான சத்து உள்ளே இருக்க வேண்டும். இரண்டு நாள் வயதுக் குடம்பியின் நீளம் 70 முதல் 80 மைக்ரோமீற்றர். 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட கலத்தை அதனால் விழுங்க முடியாது.

பச்சைத் தண்ணீரில் நிறைய இருக்கும் குளோரெல்லா முதல் தடையைத் தாண்டும், இரண்டாவதில் விழுந்துவிடும். அதன் கலச்சுவர் தடிப்பானது. நானோகுளோரொப்சிஸ் இன்னும் சிறியது, 2 முதல் 4 மைக்ரோமீற்றர். உள்ளே இ.பி.ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் நிறைய இருந்தாலும் சுவர் உடையாததால் குடம்பிக்கு அது போய்ச் சேர்வது குறைவு. டுனாலியெல்லாவுக்குக் கலச்சுவரே இல்லை, எளிதில் செரிக்கும். ஆனால் டி.எச்.ஏ என்ற மற்ற ஒமேகா-3 கொழுப்பமிலமோ இ.பி.ஏயோ அதில் கிடையாது. தனியாகக் கொடுத்தால் குடம்பி சாப்பிட்டுக்கொண்டே தேயும்.

நுணுக்குக்காட்டியில் குடல் பச்சையாகத் தெரிந்தவுடன் “நல்லாச் சாப்பிடுது” என்று முடிவெடுக்காதீர்கள். தொட்டியின் அடியிலிருந்து கழிவை ஒரு துளி எடுத்துப் பாருங்கள். முழுக் கலங்கள் உடையாமல் வெளியே வந்திருந்தால் அந்தப் பாசி குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

3. அப்படியெண்டால் எதை வளர்ப்பது? பெயரைச் சொல்லுங்கள்.

வெப்பவலய ஹெச்சரிக்கு அடித்தளம் இரண்டு. ஒன்று ஐசோ. முன்பு ஐசோகிரைசிஸ் தஹித்தி வகை என்று அழைக்கப்பட்ட இதற்கு 2013 முதல் டைசோகிரைசிஸ் லூட்டியா என்று பெயர். 4 முதல் 6 மைக்ரோமீற்றர், பொன்பழுப்பு நிறம், டி.எச்.ஏ உண்டு, இ.பி.ஏ மிகக் குறைவு. மற்றது கீற்றோசெரோஸ் என்ற டயற்றம், அதாவது சிலிக்காவால் ஆன ஓடுள்ள பாசி. குடம்பிக்குச் சிறிய கல்சிட்ரான்ஸ், குஞ்சுக்குச் சற்றுப் பெரிய மியுலெரி. இதில் இ.பி.ஏ நிறைய, கொஞ்சம் அரக்கிடோனிக் அமிலமும் உண்டு.

குடம்பி 120 மைக்ரோமீற்றரைத் தாண்டிய பிறகு டெட்ராசெல்மிஸ் சேர்க்கலாம். 10 முதல் 14 மைக்ரோமீற்றர் வரும் பெரிய பச்சைக் கலம் அது. ஐரோப்பிய வழிகாட்டிகளில் பாவ்லோவா லூதெரி என்ற பெயரை அடிக்கடி காண்பீர்கள். டி.எச்.ஏ, இ.பி.ஏ இரண்டும் கொண்ட அருமையான பாசிதான். ஆனால் அது 20 பாகை செல்சியசை ஒட்டிய குளிரைக் கேட்கும். குளிரூட்டி இல்லாத கொழும்பு அறையில் அதை வைத்துக் கஷ்டப்படாதீர்கள்.

4. டி.எச்.ஏ, இ.பி.ஏ என்று எல்லாரும் சொல்லுறாங்க. சிப்பிக்கு அது எதுக்கு?

டி.எச்.ஏ பெரும்பாலும் கலமென்சவ்வின் கட்டுமானத்துக்குப் போகிறது. இ.பி.ஏ சக்திக்கும் செலவாகிறது, உடலுக்குள் சைகை அனுப்பும் சேர்மங்களுக்கும் மூலப்பொருளாகிறது. அரக்கிடோனிக் அமிலம் மிகக் குறைந்த அளவிலேயே தேவை, ஆனால் முட்டை வெளியேறுவதிலும் எதிர்ப்புச்சக்தியிலும் அதற்குப் பங்கு உண்டு. சிறிய கொழுப்பமிலங்களிலிருந்து இவற்றைத் தானே நீட்டித் தயாரிக்கும் ஆற்றல் சிப்பிக்கு மிகவும் குறைவு. ஆகவே தீனியில் வர வேண்டும்.

குடம்பி ஒட்டும் நாட்களில் இது அப்பட்டமாகத் தெரியும். நீந்தும் உறுப்பை இழந்து, செவுள் முழுதாக உருவாகும் வரை அதனால் சரியாகச் சாப்பிட முடியாது. அந்த இடைவெளியைச் சேமித்த கொழுப்பையும் புரதத்தையும் எரித்துத்தான் கடக்க வேண்டும். கண் புள்ளி வந்த பிறகும் ஒட்டாமல் கூட்டமாகச் சாகும் தொகுதியில், முந்திய பத்து நாளின் தீனிக் குறிப்பைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

5. ஒரே பாசியை நிறைய வளர்த்துக் கொடுத்தால் போதாதா? மூன்று வளர்ப்பது பெரிய வேலை.

போதாது. ஐசோவில் குறைவது கீற்றோசெரோசில் இருக்கிறது, அதில் குறைவது இதில் இருக்கிறது. ஆட்கள் குறைவென்றால் இந்த இரண்டை மட்டும் ஒழுங்காக வளர்த்துச் சரிபாதியாகக் கொடுங்கள். மூன்றாவதை அரைகுறையாக வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

6. கொழும்பில் வளர்க்கும்போது ஏன் அடிக்கடி கெட்டுப்போகுது?

மூன்று காரணங்கள்: தண்ணீர், வெப்பம், அவசரம். களனி ஆறு மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காக்கைத்தீவுக் கரையிலும் முகத்துவாரத்திலும் தென்மேல் பருவ மழைக் காலத்தில் உப்புத்தன்மை சட்டென்று இறங்கும். வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள் கடலில் சேரும் இடங்களும் நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் ரெஃப்ராக்டோமீற்றரில் பார்த்து, ஆயிரத்துக்கு 25 முதல் 30 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை 1 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விட்டு, 5 வீதச் சோடியம் ஹைப்போகுளோரைற்றுக் கரைசலை (வெளிற்றித் திரவம்) லீற்றருக்கு 0.5 மில்லிலீற்றர் சேர்த்து, மூடி, ஓர் இரவு வையுங்கள். மறுநாள் லீற்றருக்கு 50 முதல் 60 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேற்று போட்டு நடுநிலையாக்கி, குளோரின் சோதனைத் துளியில் நிறம் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே பாசியை விடுங்கள். நம் வெயிலில் நாட்பட்ட வெளிற்றித் திரவத்தின் வலிமை பாதியாகிவிடும். போத்தலில் எழுதியிருக்கும் வீதத்தை நம்பி அளந்தால் கிருமி தப்பிவிடும்.

ஊட்டக் கரைசலுக்கு எஃப்/2 என்ற வழக்கமான கலவை போதும். லீற்றருக்குச் சோடியம் நைத்திரேற்று 75 மில்லிகிராம், சோடியம் இருஐதரசன் பொசுபேற்று 5 மில்லிகிராம், அத்துடன் சுவட்டு உலோகங்கள், விற்றமின் பி1, பி12, பயோற்றின். டயற்றத்துக்கு மட்டும் சோடியம் சிலிக்கேற்று 30 மில்லிகிராம். ஐசோவுக்கும் சேர்த்துச் சிலிக்கேற்றுப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஐசோவுக்கு உதவாது. தப்பி வந்த ஒரு டயற்றம் அந்தக் குடுவையைப் பிடித்துக்கொள்ளத்தான் உதவும். விற்றமினை ஓட்டோகிளேவில் வைக்காதீர்கள். 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விட்டு, ஆறிய ஊடகத்தில் சேர்க்க வேண்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை அறை 30 பாகையில் இருந்தால் விளக்கடியில் குடுவை 33ஐத் தொடும். தாய்க் குடுவைகளை 24 அல்லது 25 பாகையில் குளிரூட்டிய சிறு அறையில் வையுங்கள். பெரிய பைகளை மட்டும் வெளியே விடலாம். கடைசியாக அவசரம்: 250 மில்லிலீற்றர் குடுவையிலிருந்து நேரே 20 லீற்றர் பைக்குத் தாவ வேண்டாம். ஒவ்வொரு படியிலும் புதிய அளவில் 10 முதல் 20 வீதம் வரை பழைய பாசி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாசி பெருகுவதற்குள் பற்றீரியாவும் பாசியைத் தின்னும் சிலியேற்று என்ற ஒருகல உயிரும் முந்திவிடும்.

7. நிறம் நல்லாக் கடுத்த பிறகுதானே எடுக்கணும்?

கடுக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். பெருக்கம் வேகமாக நடந்து சற்றே தணியும் கட்டம்தான் சிறந்தது. அதைத் தாண்டி நைதரசன் தீர்ந்துவிட்டால் கலம் பிரிவதை நிறுத்திவிட்டு, சேமிப்புக் கொழுப்பையும் காபோவைதரேற்றையும் அடுக்கத் தொடங்கும், புரதம் இறங்கும். மொத்தக் கொழுப்பு கூடும், ஆனால் அதற்குள் டி.எச்.ஏ, இ.பி.ஏ பங்கு குறையலாம். வெப்பம் கூடினாலும் இந்தக் கொழுப்பமிலங்களின் பங்கு குறையும் போக்கு உண்டு.

அதாவது ஒரே இனம், ஒரே குடுவை, மூன்று நாள் வித்தியாசத்தில் இரண்டு வேறு தீனி. பின்னால் மரபணு முடிவுகளை ஒப்பிடும்போது இது வந்து நிற்கும். பீ.எச் மாலையில் 9ஐத் தாண்டினால் காபனீரொட்சைட்டுப் பற்றாக்குறை என்று அர்த்தம். பொன்பழுப்பு ஐசோ வெளிறுவது, அடியில் திப்பி திப்பியாக விழுவது, நுரையில் நாற்றம் வருவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குடம்பிக்கு ஊற்றாதீர்கள்.

8. ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது? “கொஞ்சம் பழுப்பா வரும் வரைக்கும்” எண்டு சொல்லுறாங்க.

கண் மட்டத்தில் ஊற்ற வேண்டாம், எண்ணுங்கள். ஒரு துளி லூகோல் (அயடீன்) கரைசல் விட்டுப் பாசியைக் கொன்று, ஹீமோசைற்றோமீற்றர் என்ற கலம் எண்ணும் கண்ணாடித் தட்டின் நடுச் சதுரத்தில், அதாவது 25 சிறு கட்டங்களிலும், எண்ணுங்கள். வந்த எண்ணை 10,000ஆல் பெருக்கினால் மில்லிலீற்றருக்கு எத்தனை கலம் என்று கிடைக்கும். 500 கலம் என்றால் மில்லிலீற்றருக்கு 50 இலட்சம்.

குடம்பித் தொட்டியில் இலக்கு மில்லிலீற்றருக்கு 50,000 ஐசோ, அதனுடன் அதே எண்ணிக்கையில் கல்சிட்ரான்ஸ். 500 லீற்றர்த் தொட்டிக்கு 2,500 கோடி ஐசோ கலம் வேண்டும். மேலே சொன்ன அடர்த்தியில் அது 5 லீற்றர்ப் பாசி. குடம்பி 120 மைக்ரோமீற்றர் தாண்டிய பிறகு மில்லிலீற்றருக்கு 5,000 டெட்ராசெல்மிஸ் சேருங்கள். எண்ணிக்கை சின்னதாகத் தெரிந்தாலும் ஒரு டெட்ராசெல்மிஸ் எடையில் சுமார் 10 ஐசோவுக்குச் சமம். ஒரு ஐசோ என்பது இரண்டேகால் கல்சிட்ரான்ஸ். ஊற்றுவதற்கு முன் தொட்டியில் நேற்றையது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் எண்ணி, குறைந்ததை மட்டும் நிரப்புங்கள். அந்த “மிச்சம்” குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும்.

ஒட்டிய குஞ்சுக்குக் கணக்கு வேறு. ஒரு கிராம் உயிர் எடைக்கு வாரத்துக்கு 0.4 கிராம் உலர் பாசி. 50 கிராம் குஞ்சு இருந்தால் வாரத்துக்கு 20 கிராம், நாளுக்குச் சுமார் 2.86 கிராம். பத்து இலட்சம் ஐசோ கலத்தின் உலர் எடை ஏறக்குறைய 0.02 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 50 இலட்சம் என்ற அடர்த்தியில் ஒரு லீற்றரில் 100 மில்லிகிராம் வரும். ஆகவே ஐசோ மட்டுமென்றால் நாளுக்கு 28 முதல் 29 லீற்றர். கையளவு குஞ்சுக்கு இத்தனை பாசியா என்று மலைப்பாக இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வந்தவுடன் களப்பு வலைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். தாய்ச் சிப்பிக்கு அதன் உலர் இறைச்சி எடையில் நாளுக்கு 3 முதல் 6 வீதம் உலர் பாசி.

9. கூடப் போனால் என்ன? பட்டினியைவிட நல்லதுதானே?

இல்லை. குடம்பி அளவுக்கு மீறிய கலத்தை விழுங்கித் துப்பும், செரிமானம் சரிவராது. வளர்ந்த சிப்பி மிஞ்சியதைச் சளியில் சுற்றி, குடலுக்குள் விடாமலே போலிக் கழிவாகத் தள்ளும். அடியில் படியும் அந்தச் சளியும் செத்த பாசியும் விப்ரியோ பற்றீரியாவுக்குத் தீனி. 28 பாகையில் ஒரே இரவில் தொட்டி கவிழ்ந்துவிடும். பட்டினித் தொகுதி மெதுவாகப் பின்தங்கும், தீனி மிகுந்த தொகுதி திடீரென்று சாகும்.

10. பாசி வளர்க்காமல் பேஸ்ட் வாங்கிப் போடலாமா?

பேஸ்ட் என்பது செறிவாக்கிப் போத்தலில் அடைத்த பாசிக் கூழ். அதை ஒரு பகுதிக்குப் போடலாம். தாய்ச் சிப்பிக்கும் குஞ்சுக்கும் உயிர்ப்பாசியின் ஒரு பங்கை நல்ல பேஸ்ட் ஈடுசெய்யும். முதல் வாரக் குடம்பிக்கு முழுவதும் பேஸ்ட் என்றால் துணிய வேண்டாம். கலம் செத்திருப்பதால் அடியில் விழும், உள்ளிருக்கும் சத்துக் கசிந்து பற்றீரியாவுக்குப் போகும். வாங்கும்போது போத்தலில் எந்த இனம் என்று பாருங்கள். நானோகுளோரொப்சிஸ் என்றால் 2ஆம் பதிலில் சொன்ன சிக்கல் அப்படியே இருக்கிறது. 4 பாகையில் வையுங்கள், இனத்துக்கேற்ப உறைய விடலாமா கூடாதா என்பதை உறையில் வாசியுங்கள். மின்வெட்டில் இளகி மீண்டும் குளிர்ந்த போத்தலைக் குடம்பிக்குப் பாவிக்க வேண்டாம்.

11. பாசியால் சிப்பியின் நிறமும் ருசியும் மாறுமா?

மாறும். பிரான்சின் மரேன்-ஒலெரோன் பகுதியில் ஹாஸ்லியா ஒஸ்ட்ரியாரியா என்ற டயற்றம் வெளிவிடும் நீல நிறமியால் சிப்பியின் செவுள் பச்சையாகிறது. அங்கே அது தனிப் பெருமை, விலையும் அதிகம். ருசியில் இனிப்புத் தருவதில், சிப்பி உடலில் சேமிக்கும் காபோவைதரேற்றான கிளைக்கோஜனுக்குப் பங்கு உண்டு. முட்டையிட்டு ஓய்ந்த சிப்பி நீர்த்துப் போயிருப்பதற்குக் காரணம் அந்தச் சேமிப்புத் தீர்ந்திருப்பதுதான்.

12. களப்பில் விஷப் பாசி வந்தால்? அவித்தால் போயிடும்தானே?

போகாது. அலெக்சாண்ட்ரியம் போன்ற சில பாசிகள் உண்டாக்கும் சாக்சிடொக்சின் சமையல் வெப்பத்தில் அழிவதில்லை. பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோ இறைச்சியில் 800 மைக்ரோகிராம் சாக்சிடொக்சினுக்குச் சமமான அளவு. சிப்பி சாகாது, சாதாரணமாகத்தான் தெரியும். சாப்பிட்டவருக்கே பாதிப்பு. தண்ணீர் நிறம் மாறிய நாட்களில் அறுவடையை நிறுத்தி, மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. 3ஆம் பதிலில் சொன்ன ஹெச்சரிப் பாசிகளில் இந்த ஆபத்துக் கிடையாது.

13. தீனியால் மரபணு மாறிடுமா? அப்போ அது மரபணு மாற்றிய சிப்பியா?

மாறாது. டி.என்.ஏயில் உள்ள எழுத்து வரிசை அப்படியே இருக்கும். எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு தூது ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது என்பதுதான் தீனிக்கேற்பக் கூடிக் குறைகிறது. இதையே வெளிப்பாடு என்கிறோம். நாம் சோறு சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் நம் ஈரலிலும் இதேதான் நடக்கிறது. வாங்குபவர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: பாசி தின்ற சிப்பி, வெறும் சிப்பிதான்.

14. எந்த மரபணுக்களைப் பார்க்கிறார்கள்?

பசிபிக் சிப்பியின் முழு மரபணுத்தொகுதி 2012இல் வெளியானது, சுமார் 28,000 மரபணுக்கள். தீனி ஆய்வில் அதிகம் பார்க்கப்படுபவை சில குழுக்கள். செரிமானத்துக்கு அமிலேசு, செலுலேசு, புரதமுடைக்கும் நொதியங்கள். கொழுப்பமிலத்துக்கு அதை நீட்டும் எலொங்கேசும் இரட்டைப் பிணைப்புப் போடும் டிசற்றுரேசும். சேமிப்புக்குக் கிளைக்கோஜன் சிந்தேசு. முட்டைக்கு மஞ்சட்கருப் புரதமான வைற்றலோஜெனின். எதிர்ப்புச்சக்திக்குச் செவுள் சளியிலுள்ள லெக்ரின்களும் பற்றீரியாவைக் கொல்லும் டிஃபென்சின்களும். லெக்ரின் இரண்டு பக்கமும் வேலைசெய்கிறது. பாசியின் மேற்பரப்பிலுள்ள வெல்லத்தைப் பற்றிப் பிடித்து, எதை விழுங்குவது எதைத் தள்ளுவது என்று பிரிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70ஐப் பலர் விரும்பிச் சேர்ப்பார்கள். கவனம் தேவை. பசிபிக் சிப்பியில் அதற்கு 88 மரபணுக்கள். ப்ரைமர் (அளக்க வேண்டிய மரபணுவைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ துண்டு) எந்த ஒன்றைப் பிடிக்கிறது என்று தெரியாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. அதோடு கொழும்பு மதியத்தில் தொட்டி இரண்டு பாகை ஏறினாலே அது தீனியைப் பொருட்படுத்தாமல் எகிறலாம்.

15. அமிலேசு கூடியிருந்தால் அந்தத் தீனி நல்லது எண்டு எழுதலாமா?

எழுதக் கூடாது. மாவுச்சத்து நிறைந்த பாசி வந்ததால் கூடியிருக்கலாம். தீனி போதாமல், கிடைத்ததை முழுதாகப் பிழிந்தெடுக்க உடல் முயன்றதாலும் கூடியிருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான செய்திகள். எது என்று பிரித்துச் சொல்ல 8ஆம் பதிலில் சொன்ன “மிச்சம்” குறிப்பும் சிப்பியின் எடையும் வேண்டும்.

இந்த மரபணு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பசிபிக் சிப்பியில் அமிலேசு ஏ, பி என்ற இரு மரபணுக்களை ஆர்.என்.ஏ குறுக்கீட்டால் அடக்கியபோது இனப்பெருக்க உறுப்பின் வளர்ச்சியே குறைந்தது. தின்ற மாவுச்சத்துச் செரிப்பதற்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரடியானது. ஆனால் தூது ஆர்.என்.ஏ கூடினால் நொதியமும் அதே அளவு கூடும் என்பதில்லை. முடிந்தால் நொதியச் செயற்பாட்டையும் அதே இழையத்தில் அளந்துவிடுங்கள்.

16. எங்களிடம் மூன்று தொட்டி. மூன்று தீனி, ஒவ்வொன்றிலும் பத்துச் சிப்பி வெட்டினால் மாதிரி எண்ணிக்கை பத்துத்தானே?

ஒன்றுதான். தீனி கொடுத்தது தொட்டிக்கு. ஒரே தொட்டியில் இருக்கும் பத்துச் சிப்பியும் ஒரே தண்ணீர், ஒரே பற்றீரியா, ஒரே மூலையின் வெளிச்சத்தைப் பகிர்கின்றன. வித்தியாசம் வந்தால் தீனியாலா தொட்டியாலா என்று பிரிக்க முடியாது. பத்து லீற்றர் வாளியானாலும் பரவாயில்லை, ஒரு தீனிக்குக் குறைந்தது மூன்று, இயன்றால் நான்கு தனித்தனிக் கலன்கள் வையுங்கள். இடத்தைக் குலுக்கிப் போட்டு ஒதுக்குங்கள்.

தீனிகளைச் சமப்படுத்துவது உலர் எடையில், கல எண்ணிக்கையில் அல்ல. ஒரே எண்ணிக்கையில் ஐசோவும் டெட்ராசெல்மிசும் கொடுத்தால் ஒரு கூட்டத்துக்குப் பத்து மடங்கு சாப்பாடு போகிறது. பிறகு காண்பது பாசி இனத்தின் விளைவல்ல, வயிறு நிறைந்ததன் விளைவு. பட்டினிக் கூட்டம் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். பாசியை ஒவ்வொரு முறையும் ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் எடுங்கள், காரணம் 7ஆம் பதிலில்.

17. எந்த நேரத்தில் எதை வெட்டி எடுப்பது?

தீனி கொடுத்து எத்தனை மணி நேரம் என்பதை நிலையாக வையுங்கள், எல்லாத் தொட்டியிலும் ஒரே நேரம். சிப்பியின் உடலில் பகல் இரவு, ஏற்றவற்றத் தாளம் உண்டு. காலையில் ஒரு தொட்டியும் மாலையில் மறு தொட்டியும் வெட்டினால் கடிகாரத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

செரிமானத்துக்குச் செரிமானச் சுரப்பி, எதிர்ப்புச்சக்திக்குச் செவுளும் குருதிக் கலங்களும். ஓட்டைத் திறந்தவுடன், பழுப்புப் பச்சையாகத் தெரியும் செரிமானச் சுரப்பியிலிருந்து 50 முதல் 100 மில்லிகிராம் மட்டும் வெட்டி, தடிப்பு அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் பார்த்து, பத்து மடங்கு ஆர்.என்.ஏ பாதுகாப்புத் திரவத்தில் மூழ்கவிடுங்கள். ஓர் இரவு 4 பாகையில் ஊறிய பிறகே உறைகுளிருக்கு. இந்தச் சுரப்பியில் ஆர்.என்.ஏயைச் சிதைக்கும் நொதியம் அதிகம், ஆகவே திறப்பதற்கும் மூழ்கவிடுவதற்கும் இடையில் பேச்சு வேண்டாம். குடம்பியென்றால் ஆயிரக்கணக்கில் சேர்த்தே எடுக்க வேண்டும். நல்ல தீனித் தொட்டியில் குடம்பி ஒரு படி முன்னால் வளர்ந்திருக்கும், அப்போது தெரியும் வித்தியாசம் வயதின் வித்தியாசமாகவும் இருக்கலாம். நாளால் மட்டுமின்றி ஓட்டு நீளத்தாலும் ஒப்பிடுங்கள்.

18. ஆர்.என்.ஏ தரம் பார்க்கும் கருவி எங்கள் மாதிரி எல்லாம் கெட்டது எண்டு காட்டுது. எறியவா?

எறியாதீர்கள், முதலில் வரைபடத்தைப் பாருங்கள். சிப்பி உட்படப் பல மெல்லுடலிகளின் 28எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏயின் நடுவில் இயல்பாகவே ஒரு மறைந்த வெட்டு இருக்கிறது. மாதிரியைச் சூடாக்கும்போது அது இரண்டு துண்டாகி, 18எஸ்சின் அளவிலேயே வந்து நிற்கும். கருவி 28எஸ், 18எஸ் என இரண்டு முகட்டை எதிர்பார்த்து ஒன்றைக் கண்டு குறைந்த மதிப்பெண் கொடுக்கிறது. ஒரே கூர்மையான முகடும் மட்டமான அடித்தளமும் இருந்தால் ஆர்.என்.ஏ நல்லது. முகடு மழுங்கி, சிறு துண்டுகள் பக்கம் மேடு விழுந்திருந்தால் உண்மையிலேயே சிதைந்தது.

260, 230 நானோமீற்றர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம் (260/230) தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் சளியின் பல்சக்கரைட்டுக் கலந்திருக்கிறது. எதனோலால் இன்னொருமுறை கழுவியோ, உப்புச் செறிவு கூட்டி மீண்டும் வீழ்படிவாக்கியோ பாருங்கள்.

19. எல்லாரும் பீட்டா அக்டினை ஒப்பீட்டு மரபணுவாக வைக்கிறாங்க. நாங்களும் வைக்கலாமா?

ஒப்பீட்டு மரபணு என்பது மற்ற மரபணுக்களை ஒப்பிட்டு அளக்கும் நிலையான அளவுகோல். உங்கள் தீனியில் அக்டின் அசையாமல் நிற்கிறது என்று காட்டினால் வைக்கலாம். பட்டினியில் தசையும் கலப்பெருக்கமும் குறையும்போது அக்டினே குறையலாம். பிறகு மற்றவையெல்லாம் கூடியதுபோலத் தெரியும். நீட்சிக் காரணி 1 அல்பா, ரைபோசோமப் புரத மரபணுக்கள், 18எஸ், அக்டின் எனக் குறைந்தது நான்கைந்தை எல்லாத் தீனி மாதிரிகளிலும் ஓட்டி, மிக நிலையான இரண்டைத் தேர்ந்து, அவற்றின் பெருக்கற்சராசரியை வைத்துச் சமப்படுத்துங்கள்.

ப்ரைமரின் செயற்றிறனையும், அதாவது பி.சி.ஆர் பெருக்கலின் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதையும், அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்து மடங்கான ஐந்து ஐதாக்கல்களில் வரைந்த கோட்டின் சாய்வு −3.1க்கும் −3.6க்கும் இடையில் வர வேண்டும். −3.32 என்றால் சரியாக 100 வீதம், அதாவது ஒரு சுற்று வித்தியாசம் இரண்டு மடங்கு. செயற்றிறன் 80 வீதமான ப்ரைமரில் அதே ஒரு சுற்று 1.8 மடங்குதான். ஐந்து சுற்றில் இது 32க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம்.

20. குடலில் இருக்கும் பாசியின் ஆர்.என்.ஏயும் சேர்ந்து வராதா?

வரும், செரிமானச் சுரப்பியில் நிச்சயம் வரும். குடல் காலியாகட்டும் என்று ஒரு நாள் பட்டினி போட்டால் நீங்கள் அளக்க வந்த தீனி விளைவே கலைந்துவிடும். அதைவிட, தொட்டியில் ஊற்றும் அதே பாசியிலிருந்து ஆர்.என்.ஏ எடுத்து, உங்கள் ப்ரைமர்களை அதில் ஓட்டிப் பாருங்கள். எதுவும் பெருகக் கூடாது. அக்டின், 18எஸ் போன்றவை பாசிக்கும் சிப்பிக்கும் ஒத்த பகுதிகள் கொண்டவை, தவறு அங்கேதான் அதிகம் நேரும். முழு ஆர்.என்.ஏ வரிசைப்படுத்தல் செய்பவர்கள் வாசிப்புகளைச் சிப்பியின் மரபணுத்தொகுதியோடு மட்டுமின்றிப் பாசியின் தொகுதியோடும் பொருத்திக் கழிக்க வேண்டும்.

21. மரபணு வேலைக்கு இப்போ காசில்லை. தீனிப் பரிசோதனையை விட்டுவிடுவதா?

விடாதீர்கள். எண்ணிய கலம், மிச்சக் கலம், ஓட்டு நீளம், இறந்த எண்ணிக்கை, உலர் இறைச்சி எடை ஆகியவற்றுக்கு நுணுக்குக்காட்டி ஒன்றும் உலர்த்தி ஒன்றும் தராசு ஒன்றும் போதும். இறைச்சியை 60 பாகையில், எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் பாசியினதும் சிப்பியினதும் கொழுப்பமிலப் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில் எடுத்த மாதிரியாக இருக்கட்டும்.

வெட்டும் நாளில் 17ஆம் பதிலில் சொன்னபடி சுரப்பித் துண்டுகளையும் எடுத்து, தொட்டி எண், திகதி, தீனி கொடுத்து எத்தனை மணி நேரம் என்று குழாயில் அழியாத மையில் எழுதி, மைனஸ் 80 பாகையில் வைத்துவிடுங்கள். பணம் வரும் ஆண்டில் அதே தொட்டிக்கு அதே குறிப்பேட்டோடு மரபணு அளவை எடுக்கலாம்.